பொதுவாகச் சீராக உள்ளது

ஜனவரி 9

சார்ட் லைப்ரரி பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நகரக் குடிநீர் அலுவலகத்தில் குழாய் அழுத்தப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாசிக்க, காதால் கேட்டு வேலை செய்பவன். பெரிய குழாய்களில் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்பதைக் கேட்டு, எங்கே கசிவு தொடங்குகிறது என்று சொல்வதும், எல்லாம் சரியாக இருந்தால் அன்றைய தாளில் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. போன மாதம் வரை எண்கள் அட்டவணையாக வந்துகொண்டிருந்தன. எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

இப்போது புதுத் திரை வந்திருக்கிறது. அட்டவணை போய்விட்டது, கோட்டு வரைபடங்கள் வந்துவிட்டன. மிக அழகாக இருப்பதாகப் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். நான் போய் நின்றால் ஸ்கிரீன் ரீடர், “அழுத்த வரைபடம், படம்” என்கிறது. அம்புக்குறி விசையை எந்தப் பக்கம் தட்டினாலும் அதே பதில்தான். கதவில் ‘கதவு’ என்று எழுதி ஒட்டிவிட்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டதுபோல இருக்கிறது.

திரையின் அடியில், இந்த வரைபடங்களைச் செய்து தரும் உங்கள் மென்பொருள் லைப்ரரியின் பெயரும் இந்த முகவரியும் இருக்கின்றன. கூடவே, ‘எல்லோருக்குமான அணுகல் தரநிலைகளுக்கு முழுமையாக உட்பட்டது’ என்று ஒரு வாசகமும். அதை மட்டும் ஸ்கிரீன் ரீடர் தெளிவாக வாசிக்கிறது.

ஆவன செய்யவும்.

இப்படிக்கு,
ஆய்வாளர், அழுத்தப் பிரிவு


ஜனவரி 10

அன்புள்ள கணக்கு,

அந்தப் பொறுப்பாளர் அவர்கள் நான்தான் என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதியிருக்கிறாய். பிரிந்து வந்து ஒன்றரை வருடத்தில் என் புருஷன் எனக்கு எழுதிய முதல் கடிதம் ‘ஆவன செய்யவும்’ என்று முடிகிறது. எதற்கும் எண் கேட்கிற உனக்குக் ‘கணக்கு’ என்று நானும், எல்லாவற்றையும் வாசித்துச் சொன்ன எனக்கு ‘வானொலி’ என்று நீயும் வைத்த பெயர்கள் எங்கே போயின? சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி என்னவென்று எட்டிப் பார்த்தாள். “புகார் வந்திருக்கு” என்றேன். “புகாருக்கா சிரிக்கிறே?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

புகார் நியாயமானதுதான். படம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பதிலாக வாசிக்க ஒரு வாசகம் வேண்டும் என்பது விதி. நாங்கள் வைத்திருந்தோம். சோதனைக் கருவி வந்து, வாசகம் இருக்கிறதா, இருக்கிறது, நூற்றுக்கு நூறு என்று போட்டுவிட்டுப் போய்விட்டது. வாசகத்தில் சரக்கு இருக்கிறதா என்று அதற்குப் பார்க்கத் தெரியாது. உன் கடிதம் வந்தபிறகு விதியைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ‘படம் தருகிற அதே பயனைத் தரும் வாசகம்’ என்று இருக்கிறது. அந்த நடுச் சொற்களை எங்களில் ஒருவர்கூடப் படித்திருக்கவில்லை போல. இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், பட்டன், நாள்காட்டி, வரைபடம் என்று நாங்கள் ஒரு முறை செய்து வைப்பதை ஆயிரம் அலுவலகம் எடுத்து அப்படியே போட்டுக்கொள்கிறது. நாங்கள் ஒரு முறை கோட்டைவிட்டால் ஆயிரம் இடத்தில் கோட்டைவிட்ட கணக்கு.

கொஞ்சம் பொறு. அடுத்த பதிப்பில் சரி செய்கிறேன்.

நான் அக்கா வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். கூரை சூடு தாங்க முடியவில்லை. மற்றபடி குறை இல்லை. அத்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ கேட்க வாய் திறந்து, அக்கா முறைத்ததும் செய்தித்தாளுக்குள் போய்விடுகிறார். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடு. சட்டைக் கையில் பொத்தான் போயிருந்தால் போட்டுக்கொண்டு போகாதே, அங்கே யாரும் உன்னிடம் சொல்லமாட்டார்கள்.

அன்புடன்,
வானொலி


ஜனவரி 13

அன்புள்ள வானொலிக்கு,

சட்டைகள் சரியாக இருக்கின்றன. தடவிப் பார்த்துத்தான் போடுகிறேன்.

நீ பொறு என்று சொன்ன காலத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன். பக்கத்து அறைக் கணக்காளர் நல்ல மனிதர். தினம் காலையில் வந்து வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

“சார், மேல போவுது.”

“எவ்வளவு?”

“நல்லாவே போவுது சார். அப்புறம் கீழ வருது. அப்புறம் ஒரு சின்ன மலை.”

“எவ்வளவு உயரம்?”

“அழகான மலை சார்.”

அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கோட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் கோட்டைத்தான் சொல்கிறார்கள், எண்ணைச் சொல்வதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். எனக்கு விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் அம்புக்குறியால் போக முடிய வேண்டும், போனால் நேரமும் எண்ணும் கேட்க வேண்டும். அல்லது பழைய அட்டவணையை வரைபடத்துக்குக் கீழே வைத்துவிடு. முடிவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கணக்கு


பிப்ரவரி 21

அன்புள்ள கணக்கு,

புதுப் பதிப்பு வெளியாகிவிட்டது. உன் அலுவலகத்துக்கு இந்த வாரமே வந்துவிடும். வரைபடத்தில் போய் நின்றால் இனி ‘படம்’ என்று சொல்லாது. அன்றைய எண்கள் எல்லாவற்றையும் தானே பார்த்து, நல்ல தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லும். ‘அழுத்தம் காலையில் உயர்ந்து பிற்பகலில் குறைந்தது’ என்பதுபோல. அந்த வாக்கியங்களை நானே உட்கார்ந்து எழுதினேன். மேலாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “இதை வாசல்லயே மாட்டலாம்” என்கிறார், விளம்பரத்தில் போடப்போகிறார்களாம்.

நீ கேட்டது புள்ளிகள் என்று எனக்கு நினைவு இருக்கிறது. அதற்கு வரைபடத்தின் அடிப்பகுதியையே பிரித்து மாட்ட வேண்டும். ஒரு படத்துக்குள் பத்தாயிரம் புள்ளி இருந்தால் எல்லாவற்றிலும் விசையைக் கொண்டுபோய் நிறுத்துவது சின்ன வேலை இல்லை. அடுத்த பதிப்பில் கட்டாயம். அதுவரை வாக்கியத்தைக் கேட்டுப் பார். உனக்கு அலைச்சல் மிச்சம்.

அக்காவின் இரண்டாவது பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. உன்னிடம் சொன்னால் அழுத்தம் என்ன என்று கேட்பாய்.

அன்புடன்,
வானொலி


மார்ச் 15

அன்புள்ள வானொலிக்கு,

செவ்வாய்க்கிழமை கடைத்தெருவுக்கு அடியில் போகிற பெரிய குழாய் வெடித்தது. சாலை உள்வாங்கிவிட்டது. ரொட்டிக் கடையின் கீழ்த்தளத்தில் கழுத்தளவு தண்ணீர். இருசக்கர வண்டியில் வந்த ஒருவர் பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தச்சு வேலை செய்பவர். இனி குனிந்து நிமிர்ந்து வேலை செய்வது சந்தேகம் என்கிறார்கள். நேற்று மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். நான் யார் என்று சொன்னேன். “பரவால்லை, உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமைத் தாளில் கையெழுத்து என்னுடையது. அன்று உன் வாக்கியம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘இன்றைய அழுத்தம் பொதுவாகச் சீராக உள்ளது.’

வெடித்த பிறகு பம்ப் நிலையத்து ஆபரேட்டரைத் தொலைபேசியில் பிடித்து, திங்கட்கிழமை எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். நாலு இடத்தில் அழுத்தம் சட்டென்று இறங்கி, சில நிமிடத்தில் ஏறியிருக்கிறது. முதல் இறக்கத்தைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. குழாய் விரிசல் விடுவதற்கு முன்னால் அப்படித்தான் செய்யும்.

விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரி அன்பாகத்தான் பேசினார். “உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா கண் தெரிஞ்ச ஒருத்தர் அந்த கிராஃபைப் பார்த்திருந்தா இப்படி ஆயிருக்குமா, சொல்லுங்க?”

“கண் தெரிஞ்ச மூணு பேர் அன்னைக்கு அதே திரைக்கு முன்னாலதான் சார் உக்காந்திருந்தாங்க.”

“அவங்க வேலை அது இல்லையே.”

என்னைப் புகார்த் தொலைபேசி மேசைக்கு மாற்றப்போகிறார்கள். அடுத்த மாதம் முடிவு.

அந்த வாக்கியம் எப்படி உருவாகிறது, நாலு இறக்கத்தையும் ஏன் சொல்லவில்லை என்பதை உன் நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். விசாரணையில் வைக்க வேண்டும்.

கணக்கு


மார்ச் 18

அன்புள்ள கணக்கு,

அந்தத் தச்சருக்கு எப்படி இருக்கிறது?

மேலாளரிடம் போனேன். அவர் சட்ட ஆலோசகரைக் கூப்பிட்டார். இருவரும் சொன்னது ஒன்றுதான்: “வாக்கியத்துல தப்பே இல்லை. ‘பொதுவாக’ன்னு சொல்லியிருக்கோம் பாருங்க.” நாள் முழுவதன் சராசரியை எடுத்துத்தான் அந்த வாக்கியம் உருவாகிறது. சின்ன இறக்கங்கள் சராசரியில் கரைந்துவிடும். இதை உன்னிடம் நான் சொல்லலாம். நிறுவனத்தின் பெயரில் எழுத்தில் தரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தந்தால் அணுகல் தரச் சான்று கையைவிட்டுப் போய்விடும், சான்று போனால் வாங்கியவர்கள் எல்லோரும் கேள்வி கேட்பார்கள்.

நீ ரொம்ப மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. உன்னுடைய இத்தனை வருட வேலையை அவர்கள் அப்படித் தூக்கிப் போட்டுவிடமாட்டார்கள். எல்லாம் சரியாகிவிடும்.

அன்புடன்,
வானொலி


மார்ச் 20

வானொலிக்கு,

‘எல்லாம் சரியாகிவிடும்.’ இதையும் அந்த லைப்ரரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சண்டை போடுவதற்காக இல்லை. அம்மா மருத்துவமனையில் இருந்தபோது தினம் ரத்தப் பரிசோதனைத் தாள் வரும். அச்சிட்ட தாள், எனக்குப் படிக்க வழியில்லை. நீ படித்துச் சொல்வாய். “நேத்து மாதிரியேதான் இருக்கு. பெருசா ஒண்ணுமில்லை.” நான் எண்ணைக் கேட்டேன். “எண் எதுக்குப்பா உனக்கு, நல்லாத்தான் இருக்காங்க” என்றாய். அந்த நம்பிக்கையில் கடைசி நாள் காலையில் நான் வேலைக்குப் போனேன். நான் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு அந்தத் தாள்களை எல்லாம் மருத்துவமனை எழுத்தரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொரு நாளும் எண் இறங்கியிருந்தது. ஒரு நாள்கூட நேற்றுபோல இருக்கவில்லை.

நீ அன்பினால்தான் செய்தாய். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த வீட்டில் கடிதம், ரசீது, யாருடைய முகம் எப்படி இருந்தது என்பதுவரை எல்லாமே எனக்கு உன் சுருக்கமாகத்தான் வந்தது. நீ நடுவில் எதை விட்டாய் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. ஏன் பிரிந்தோம் என்று உன் அக்கா என்னைக் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

திங்கட்கிழமை அந்த வாக்கியத்தைக் கேட்டபோது அதை எழுதியது யார் என்று எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

கணக்கு


ஏப்ரல் 6

அன்புள்ள கணக்கு,

அத்தை விஷயத்தில் நீ எழுதியது எல்லாம் அப்படியே நடந்ததுதான். பதில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வாக்கியமும் ‘ஆனால்’ என்று தொடங்குகிறது. அதனால் நிறுத்திவிட்டேன்.

இத்துடன் உன் விசாரணை அதிகாரிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாக்கியம் எப்படி உருவாகிறது, எதை விழுங்குகிறது, தனித்தனி எண்களைக் கேட்க உனக்கு நாங்கள் வழி வைக்கவில்லை, நீ ஜனவரியிலேயே கேட்டிருந்தாய், நான் தள்ளிப்போட்டேன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. உனக்குப் படிக்க வருகிற வடிவத்தில்தான் வைத்திருக்கிறேன்.

சில நாட்களுக்கு முன்பு லைப்ரரியின் பொதுப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டேன். சுருக்க வாக்கியத்தை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம், தரநிலைக்கு உட்பட்டது என்ற வாசகத்தை இன்று எடுத்துவிடுகிறோம் என்று. மேலாளர் என் மேசைக்கே வந்து நின்றார். “யாரைக் கேட்டுப் போட்டீங்க?” என்றார். “என் பேர்ல இருக்கிற லைப்ரரி சார்” என்றேன். “சான்று போயிடும்னு சொன்னேனா இல்லையா?” “அது நமக்குச் சேர வேண்டியது இல்லையே சார்.” மறுநாளிலிருந்து பொறுப்பாளர் வேறு ஒருவர். நான் அவருக்குக் கீழே சாதாரண நிரலாளர். என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை; எடுத்தால் அடிப்பகுதியைப் பிரித்து மாட்ட ஆள் இல்லை.

அறிவிப்பைப் பார்த்து எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். உன்னைப்போல நாலைந்து பேர். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், “எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். கைதான் நடுங்குது. மவுஸைப் புள்ளி மேல நிறுத்த முடியல. விசையால போற மாதிரி வைங்கன்னு போன வருஷமே கேட்டேன்” என்று எழுதியிருந்தார். தேடிப் பார்த்தேன். கேட்டிருக்கிறார். நான்தான், ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் போட்டிருக்கிறேன்.

இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். திரையை அணைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு, விசையால் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன். முதல் நாள் ஒரு வரைபடத்துக்குள் போய் வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரிதான் காப்பாற்றினாள்.

அன்புடன்,
வானொலி


மே 2

அன்புள்ள வானொலிக்கு,

விசாரணை முடிந்தது. உன் கடிதத்தை அதிகாரி முழுவதும் வாசித்தார். வரி விடாமல், சத்தமாக. என்னை அழுத்தப் பிரிவிலேயே வைத்திருக்கிறார்கள். எண்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதற்காக என் பணிப்பதிவில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அது சரியே. தச்சர் வீடு திரும்பிவிட்டார்; கைத்தடியோடு நடக்கிறார், பட்டறைக்குப் போகவில்லை. அவருக்கான இழப்பீட்டை அலுவலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதனால் அவர் இடுப்பு சரியாகிவிடப்போவதில்லை என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

புதுப் பதிப்பு வந்தது. வலது அம்புக்குறியைத் தட்டினேன். நேரம், எண். மறுபடியும் தட்டினேன். நேரம், எண். காலை முழுவதும் ஒவ்வொரு குழாயாகக் கேட்டேன். கணக்காளர் வழக்கம்போல வந்து, “இன்னைக்கு நான் வேணாமா சார்?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தேநீர் குடிக்கக் கூட்டிப்போனார்.

இன்னொரு விஷயம். உன் வக்கீலிடமிருந்து மனு வந்திருக்கிறது. இருவரும் சம்மதித்துப் பிரிவது என்று போன வருடமே பேசியதுதான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் தாள்களைப் படமாக எடுத்து அனுப்பியிருக்கிறார். ஸ்கிரீன் ரீடர், “படம், படம், படம்” என்று ஏழு பக்கத்துக்கும் சொல்கிறது. தொலைபேசியில் கேட்டால் அவருடைய உதவியாளர், “வழக்கமான வாசகம்தான் சார், சுருக்கமா சொல்லிடறேன், கையெழுத்துப் போட்டுடுங்க” என்கிறார்.

எழுத்தாக அனுப்பச் சொல்.

கணக்கு


மே 5

அன்புள்ள கணக்கு,

வக்கீல் அலுவலகத்தில் கேட்டேன். மூலக் கோப்பைத் தேடித் தருகிறோம் என்று இழுத்தார்கள். அவர்களை நம்பிப் பயனில்லை. ஏழு பக்கத்தையும் நானே தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். பக்க எண், பத்தி எண், முத்திரையில் இருக்கும் எழுத்து, ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட குறி எல்லாம் இருக்கிறது. எழுத்துப்பிழைகளைக்கூடத் திருத்தவில்லை.

மூன்றாம் பத்தியில், ‘இரண்டாம் மனுதாரர் பார்வையற்றவர் ஆகையால் அவரது அன்றாட வாழ்க்கையின் சுமை முழுவதும் முதல் மனுதாரர் மேல் விழுந்தது, அதுவே பிரிவுக்குக் காரணம்’ என்று இருக்கிறது. பிரிந்து வந்த வாரம் வக்கீல் முன்னால் அழுதுகொண்டே நான் என்னென்னவோ சொன்னேன். அதிலிருந்து அவர் எடுத்தது இது. அந்தப் பத்திக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. விட்டுவிட்டு, வக்கீலிடம் தனியாகச் சொல்லி நீக்கிவிடலாம், உனக்குத் தெரியவே வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது.

விடவில்லை. உள்ளதை உள்ளபடி அடித்திருக்கிறேன். நீ படித்துவிட்டு முடிவு செய்.

வானொலி


மே 9

அன்புள்ள வானொலிக்கு,

ஏழு பக்கமும் படித்தேன். இரண்டு முறை. மூன்றாம் பத்தியை இன்னொரு முறை.

அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி வக்கீலுக்கு எழுதிவிட்டேன். காரணம் என்று ஏதாவது இருந்தாக வேண்டுமாம். ‘கருத்து வேறுபாடு’ என்று போடச் சொன்னேன். அதுவும் ஒரு சுருக்கம்தான். இந்த ஒன்று மட்டும் சுருக்கமாகவே இருக்கட்டும்.

நேற்று திருத்திய தாள் வந்தது. இந்த முறை எழுத்தாகவே அனுப்பியிருந்தார்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போனபோது வக்கீலின் உதவியாளர் என் கையைப் பிடித்துக் கோட்டின்மேல் வைக்க வந்தார். வேண்டாம், கோடு எங்கே என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். போட்டுவிட்டேன். அடுத்து உன் முறை.

புதுப் பதிப்பில் ஒரு பிழை இருக்கிறது. எண்ட் விசையைத் தட்டினால் கடைசிப் புள்ளிக்குப் போக வேண்டும். முதல் புள்ளிக்குப் போகிறது. லைப்ரரியின் பொதுப் பக்கத்தில் பிழை வரிசையில் பதிந்துவிட்டேன். எனக்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல் நிற்கிறார்கள். அந்த ஆய்வகக்காரரும் இருக்கிறார். என்னுடையதை முன்னால் எடுக்காதே. முறைப்படி வரட்டும்.

இனி எது இருந்தாலும் அங்கேயே எழுதுகிறேன்.

கணக்கு